பாப்பாவின் மாத்திரையும் அறிவிப்பாளரின் தொண்டையும்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அறிவிப்பாளர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் தொண்டை சம்பந்தமாக வாயே திறப்பதில்லை.

வாயைத் திறந்தால் வலித்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முந்தாநாள் சனிக்கிழமை நடந்தது.

அறிவிப்பாளர் என்றால் பேருந்து நிலையத்து அறிவிப்பாளர். இருபத்து மூன்று வருடங்களாக ஒலிபெருக்கியில் ஊரையே வா என்றும் போ என்றும் சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் முகத்தைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். குரலைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். "புறப்படத் தயாராக உள்ளது" என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால், தயாராக இல்லாத பேருந்துகூட வெட்கப்பட்டு இன்ஜினைக் கிளப்பிவிடும்.

அப்பேர்ப்பட்ட தொண்டையை அவர் புதுவண்டி வாங்கினவன் வண்டியைப் பார்த்துக்கொள்வது மாதிரிப் பார்த்துக்கொண்டார். வருடம் முழுக்கக் கழுத்தில் மப்ளர். வெயிலுக்குப் பருத்தி, குளிருக்குக் கம்பளி. ஐஸ் தண்ணீரை யாராவது எதிரில் குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் யார் செருமினாலும் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். "தொண்டை என் டிபார்ட்மென்ட்" என்பது அவர் அடிக்கடி விடும் அறிக்கை.

வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பாப்பாவுக்குப் பத்து வயது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அறிவிப்பாளர் டார்ச் அடித்துப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்.

"சூடு. வெறும் சூடு. ஸ்கூல்ல கத்தி விளையாடியிருக்கா. உப்புத் தண்ணி கொப்புளிச்சா காலையில பறந்து போயிடும்."

"இருமலே இல்லைங்க. மூக்கும் ஒழுகலை. காய்ச்சல் மட்டும் கொதிக்குது. கழுத்துல நெறி கட்டியிருக்கு, தொட்டாலே அழறா. டாக்டரம்மாகிட்ட காட்டிடலாம்" என்றாள் மனைவி.

"தொண்டைக்கு டாக்டரா? இந்த வீட்டுலயா? வெளியில சொல்லாதே, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்களுக்குத் தொண்டை நல்லா இருக்குன்னு அர்த்தம்."

மனைவி, பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே மாடியில் இருக்கும் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். பன்னிரண்டு வருடங்களாக அவள் நாற்காலிக்கும் டாக்டரம்மா நாற்காலிக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் கேட்கும் கேள்வியெல்லாம் இந்தப் பக்கம் விழும். தொண்டைவலி என்று யார் வந்தாலும் அதே கேள்விகள், அதே வரிசையில். காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா? கழுத்தில் நெறி உண்டா? ஆ காட்டு, டான்சிலில் வெள்ளைப் புள்ளி உண்டா? மூக்கு ஒழுகுதா? குரல் கட்டியிருக்கா? ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளியே பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தால் வாய்ப்பாடு வந்துவிடாதா?

சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவின் தொண்டைக்குள் நீளமான பஞ்சுக் குச்சி போனது. இரண்டு டான்சிலையும் தடவி, குமட்டலோடு வெளியே வந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு சின்ன அட்டையில் இரண்டு கோடு விழுந்தது.

"ஸ்ட்ரெப் கிருமி" என்றார் டாக்டரம்மா. "தானா போகட்டும்னு விடற ஜாதி இல்ல இது. பத்து நாள் மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மொத்தம் இருபது. இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சிடுங்க. ஒரு நாள் தாண்டிட்டா மத்தவங்களுக்கு ஒட்டாது, திங்கட்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பலாம். பழைய பல் பிரஷைத் தூக்கிப் போட்டுடுங்க. ஆமா, நேத்தே ஏன் கூட்டிட்டு வரலை? உப்புத் தண்ணி போதும்னு யாரு சொன்னது?"

மனைவி முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "தொண்டை டிபார்ட்மென்ட், டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தொண்டை வலித்தவர்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இதற்கப்புறம் திங்கட்கிழமை காலையில் எந்த மனிதன் போய், "எனக்கும் தொண்டை வலிக்கிறது" என்று சொல்லுவான்?

சொல்லாமல் இருப்பதும் லேசில்லை. வருகிற சனிக்கிழமை அவர் வாழ்க்கையிலேயே பெரிய நாள். நிலையத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. ஊர்ப் பெயர்கள் நூற்று நாற்பது, நேரங்கள், நடைமேடை எண்கள் எல்லாவற்றையும் ஒரு தடவை பேசிப் பதிவு செய்துவிட்டால், கருவியே வேண்டியதைக் கோத்துச் சொல்லிக்கொள்ளும். அந்தக் குரல் அடுத்த பதினைந்து வருடத்துக்கு ஊரை ஆளும். "உங்க குரல்தான். சனிக்கிழமை பத்து மணி. தேதி மாத்த முடியாது" என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். "உங்களால முடியலைன்னா பார்சல் ஆபீஸ்காரர் இருக்கார்" என்றும் சொல்லியிருந்தார்.

பார்சல் ஆபீஸ்காரர் மூக்கால் பேசுகிறவர். அவர் குரலில் பதினைந்து வருடம்! பயணிகள் ரயிலுக்கு மாறிவிடுவார்கள்.

கிளினிக்குக்குப் போனால் என்ன ஆகும் என்று அறிவிப்பாளர் வாயில் நுரையோடு யோசித்தார். "ஒரு வாரம் பேசக் கூடாது" என்று டாக்டரம்மா எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளைப் பார்சல் ஆபீஸ்காரர் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்வார். அதற்கு முன்னால் வாசலில் மனைவி, ஊர் கேட்க, "தொண்டை டிபார்ட்மென்ட், உள்ளே போங்க" என்பாள்.

அவர் வாயைக் கொப்புளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். ஃப்ரிட்ஜின் மேல் பாப்பாவின் மாத்திரை பாட்டில் நின்றது. கூடத்தில் பாப்பா ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து ஷூ தேடிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்த சுவடே இல்லை.

பாப்பாவுக்கு வந்ததுதான் நமக்கும் வந்திருக்கிறது. அதே வீடு, அதே கிருமி, அதே மாத்திரை. அவளுக்குத்தான் குணமாகிவிட்டதே, மிச்சம் எதற்கு? இப்படி நான்கு வரியில் நோயைக் கண்டுபிடித்து, மருந்தும் எழுதி, ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கசந்தது. நல்ல மருந்து என்று தோன்றியது.

குரல் கம்மியிருந்ததே, அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். பாப்பா உரக்கப் படித்தாள்.

"சனிக்கிழமை வரை வீட்டில் மௌனம். குரலைச் சேமிக்கிறேன்."

மனைவி காகிதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஆறு நாளுமா?"

தலையசைத்தார்.

"என்கிட்டயுமா?"

தலையசைத்தார்.

"பாப்பா, இன்னைக்குச் சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிக்கலாம்" என்றாள் மனைவி. "கல்யாணமாகி பதினாலு வருஷத்துல இப்படி ஒரு வாரம் எனக்கு வாய்ச்சதே இல்லை."

அறிவிப்பாளர் வேலைக்குப் போன பிறகு, எட்டு மணிக்குப் பாப்பாவுக்கு மாத்திரை கொடுக்க அவள் பாட்டிலைத் திறந்திருக்கிறாள். அது அவருக்குத் தெரியாது. அப்போது அவர் மூன்றாம் நடைமேடை வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், மனைவி இத்தனை பாசமாக நடந்துகொண்டதைக் கண்டு நெகிழ்ந்துபோனார்.

"என்னங்க, நெத்தியில என்ன மை?" புறங்கையை நெற்றியில் வைத்துத் துடைத்தாள். மூன்று விநாடி துடைத்தாள். "போயிடுச்சு."

"மப்ளர் என்ன இவ்வளவு அழுக்கு? கழட்டுங்க." கழற்றும்போது இரண்டு விரல் தாடைக்குக் கீழே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழுத்திக்கொண்டு இறங்கியது. "நூல் கழுத்தை அறுக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அதானே பார்த்தேன்."

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஊசி ஒன்று கீழே விழுந்துவிட்டதாம். தேடிக்கொண்டே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். கொட்டாவி ஒட்டிக்கொள்ளும் வியாதி. அறிவிப்பாளரும் விட்டார், பெட்ரோமாக்ஸ் நுழையும் அளவுக்கு. அந்த நேரம் பார்த்து டார்ச் வெளிச்சம் தரையிலிருந்து நழுவி அவர் வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தரைக்குப் போனது.

"கிடைச்சுதா அம்மா?" என்றாள் பாப்பா.

"கிடைச்சுது, கிடைச்சுது. ஒண்ணுமில்லை. கொஞ்சம் சிவப்பா இருக்கு, அவ்வளவுதான்."

"ஊசியா?"

"ஊசிதான். நீ ஹோம்வொர்க்கைப் பாரு."

சாப்பாட்டுக்கு முன்னால், யாரும் பார்க்காத சமயத்தில், அறிவிப்பாளர் தன் இரண்டாவது மாத்திரையை எடுத்து விழுங்கினார். இந்தத் தடவை லேசாக இனித்தது. நோய் குறையக் குறைய மாத்திரை இனிக்கும் போலிருக்கிறது என்று, மருத்துவ உலகம் இதுவரை கண்டுபிடிக்காத ஒன்றைத் தனியாகக் கண்டுபிடித்தார்.

செவ்வாய்க்கிழமை நிலைமை மோசமானது. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மைக்கைப் போட்டார்.

"பயடிகளிட் கடிவாட கவடத்திற்கு. தடைபேடை பூட்றில்..."

மைக்கை அணைத்தார். கதவைச் சாத்தினார். ஆசை தீர இருமினார். மறுபடி மைக்கைப் போட்டார். அவசரத்தில் இரண்டு தடவை அணைக்க மறந்துவிட்டதால், அன்று காலை ஒன்பது நாற்பது வண்டி இருமலோடும் பத்து ஐந்து வண்டி தும்மலோடும் புறப்பட்டன. ஒலிபெருக்கிகள் மொத்தம் நான்கு, நான்கு திசைக்கும் ஒன்று. ஆனால் வீட்டில் வாய் திறக்காத வரையில் விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இனிப்பு மாத்திரை உள்ளே போனது. புதன்கிழமை காலை வலி பாதியாகக் குறைந்திருந்தது. அறிவிப்பாளர் கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே மரியாதையாகப் பார்த்துக்கொண்டார். டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவர். காலம் மைக்கில் உட்கார வைத்துவிட்டது.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில்தான் இடி விழுந்தது.

"அம்மா, எனக்குத்தான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று பாப்பா கேட்டாள். எவ்வளவு நியாயமான கேள்வி! அறிவிப்பாளர் கரண்டியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார்.

"சரியாயிடுச்சுன்னு உனக்குத் தோணும். கிருமிக்குத் தோணணுமே" என்றாள் மனைவி. "அப்பா பஸ் ஸ்டாண்டை நினைச்சுக்கோ. பஸ் கிளம்பிடுச்சு, கூட்டம் குறைஞ்சுடுச்சு. எல்லாரும் போயாச்சுன்னு நீ பெருக்க ஆரம்பிக்கிறே. தூணுக்குப் பின்னால பார்த்தா நாலு பேரு மூட்டையைத் தலைக்கு வெச்சுத் தூங்கறான். முதல் மூணு நாள் மாத்திரையில கூட்டம்தான் கலையும். அந்த நாலு பேரைக் கிளப்பத்தான் மிச்ச ஏழு நாள்."

"கிளப்பலைன்னா?"

மனைவி தண்ணீர் ஊற்றினாள்.

"சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்குக் கொஞ்ச நாள் கழிச்சு மூட்டு வீங்கும், மறுபடி காய்ச்சல் வரும். அது இதயத்துல போய் உக்காந்துட்டா அங்கே வால்வு கெட்டுடும். எப்பவோ ஒருத்தருக்குத்தான் வரும். ஆனா வராம இருக்கத்தான் இந்த இருபது மாத்திரை. ஒண்ணு குறையக் கூடாது. என்னங்க, நான் சொல்றது சரிதானே?"

அறிவிப்பாளர் எழுந்தார்.

கை கழுவும் சாக்கில் ஃப்ரிட்ஜ் பக்கம் போனார். பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினார். ஏழு. அவர் விழுங்கியது ஐந்து. இன்று ராத்திரிக்கு ஒன்று போனால் ஆறு. வியாழன் இரண்டு, வெள்ளி இரண்டு, சனி இரண்டு. சனிக்கிழமை ராத்திரியோடு பாட்டில் காலி. ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பாவுக்கு மாத்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கும் இல்லை.

அன்று மாலை அவர் மாத்திரை எடுக்கவில்லை. பாப்பா வந்து மடியில் உட்கார்ந்து கதை எழுதிக் காட்டச் சொன்னாள். அவர் அவள் முதுகில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா பண்றே?"

அவர் எழுதினார்: "ஒன்றுமில்லை. கேட்கிறேன்."

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மருந்துக் கடைக்கு ஓடினார். பாட்டில் லேபிளில் இருந்த பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தார்.

"சீட்டு?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"எங்க பொண்ணுக்குத்தாங்க. அஞ்சே அஞ்சு மாத்திரை."

"சீட்டு?"

"பாதி கோர்ஸ் முடிஞ்சுடுச்சு. கொஞ்சம் குறையுது, அவ்வளவுதான்."

"எப்படிக் குறைஞ்சுது?"

அறிவிப்பாளர் கூரை விசிறியைப் பார்த்தார். "குறைஞ்சுடுச்சுங்க."

"சார், இது ஆன்டிபயாட்டிக். மிட்டாய் மாதிரிச் சில்லறையா எடுத்துக் கொடுக்க முடியாது. டாக்டர்கிட்ட போய் சீட்டு வாங்கிட்டு வாங்க." கடைக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நீங்க அந்த பஸ் ஸ்டாண்டுக் குரல்தானே? ரெண்டு நாளா ஒரே மூக்கடைப்பு போல. ஆவி பிடிங்க சார், போயிடும்."

ஆவி! கிருமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவனிடம் ஆவி பிடிக்கச் சொல்கிறான், அறிவில்லாதவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவர் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒரே கணக்கு. இப்போது போய்ச் சொன்னால் டாக்டரம்மா தொண்டையைப் பார்ப்பார், பேசக் கூடாது என்பார், நாளைய பதிவு போயிற்று. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பாவுக்கு மாத்திரை இல்லை. நடுவில் ஒரே ஒரு சந்து இருந்தது. சனிக்கிழமை காலை பதிவு. சனிக்கிழமை மாலை கிளினிக் மூடுவதற்குள் ஒப்புக்கொள்ளல். பதிவு எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிளினிக் ஆறு மணிக்கு மூடிவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மூக்கு திறந்திருந்தது. தொண்டை வெண்ணெயாக இருந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். மெல்லின எழுத்துகள் அத்தனையும் ஊருக்குப் போயிருந்த உறவுக்காரர்கள் போல ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்து சேர்ந்தன.

நூற்று நாற்பது ஊர். ஒவ்வொன்றும் இரண்டு தடவை. மாலை நாலே முக்காலுக்கு முடிந்தது. மேலதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். பார்சல் ஆபீஸ்காரர் மூக்கால் வாழ்த்தினார். கருவியை ஓடவிட்டுக் காட்டினார்கள். அவருடைய குரல், அவர் வாய் மூடியிருக்கும்போதே, நடைமேடை நான்கிலிருந்து ஒரு வண்டியை அனுப்பி வைத்தது. இனி அந்தக் குரலுக்குச் சளி பிடிக்காது, வயதாகாது. அதற்கு மப்ளரும் வேண்டாம், அவரும் வேண்டாம். காணாமல் போன குழந்தைகளுக்கும் மறந்து வைத்த குடைகளுக்கும் மட்டும் அவர் போதும். வேறொரு நாளாக இருந்திருந்தால் இதை நினைத்துக் கொஞ்சம் கலங்கியிருப்பார். இன்று அதற்கு நேரமில்லை. பாட்டிலில் ஒரு மாத்திரைதான் இருக்கிறது.

ஐந்து இருபதுக்குக் கிளினிக் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். மேஜைக்குப் பின்னால் மனைவி. அருகில் ஒரு பெஞ்சில் பாப்பா வரைந்துகொண்டிருந்தாள்.

"யாருக்குப் பார்க்கணும்?" என்றாள் மனைவி, முன்பின் தெரியாதவரைக் கேட்பது போல.

"எனக்குத்தான்." ஆறு நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"குரல் நல்லா இருக்கே. என்ன தொந்தரவு?"

"டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன்."

"சரி. டோக்கன் பதினேழு. உக்காருங்க. முண்டியடிக்கக் கூடாது."

உள்ளே போனதும் டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். அறிவிப்பாளர் உட்காரவில்லை. வழி முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தைகள் இருந்தன. ஆனால் இருபத்து மூன்று வருடப் பழக்கம் சும்மா விடுமா? முக்கியமான எதையும் அவருக்கு ஒரே விதமாகத்தான் சொல்ல வரும்.

"டாக்டர் அவர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. "திங்கட்கிழமை காலை ஏழு மணி முதல் புதன்கிழமை காலை வரை, ஃப்ரிட்ஜின் மேலிருந்து, பத்து வயதுச் சிறுமிக்கு உரிய ஐந்து மாத்திரைகள் வேறு வழியில் திருப்பி விடப்பட்டன. திருப்பி விட்டவன் நான். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாத்திரை இல்லை. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க. அவ இதயத்துக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது டாக்டர்."

கடைசி வாக்கியத்தில் ஒலிபெருக்கி இல்லை. வெறும் அப்பா.

"முதல்ல உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. "உங்க பொண்ணு ஒரு வேளைகூடத் தவற விடலை. திங்கட்கிழமை காலையிலேயே ஒண்ணு குறையுதுன்னு உங்க வீட்டம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. மத்தியானமே நிஜ மாத்திரையையெல்லாம் தன் கைப்பைக்கு மாத்திட்டாங்க. குறைஞ்ச ஒண்ணை நான் கொடுத்தேன்."

அறிவிப்பாளர் உட்கார்ந்தார்.

"அப்போ பாட்டில்ல இருந்தது?"

"சுண்ணாம்புச் சத்து மாத்திரை. மென்னு தின்னணும், நீங்க முழுங்கிட்டீங்க போல. பரவாயில்ல, எலும்புக்கு நல்லது. முதுகெலும்புக்கு ரொம்ப நல்லதுன்னு உங்க வீட்டம்மாதான் தேர்ந்தெடுத்தாங்க. பாப்பா சாப்பிடற கணக்குக்குத் தினமும் ரெண்டை அவங்களே எடுத்துப் பாட்டிலைக் குறைச்சுக்கிட்டும் வந்தாங்க."

"ஆனா எனக்கு அதுலதானே குணமாச்சு! ஸ்ட்ரெப்..."

"உங்களுக்கு எங்கே ஸ்ட்ரெப்?" டாக்டரம்மா ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு ஒலிபெருக்கி நேராக அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. "மூக்கடைப்பு, இருமல், தும்மல், கட்டின குரல். நாள் பூரா கேட்டோமே. ஸ்ட்ரெப்புக்கு அந்தச் சத்தம் வராது சார். அது சாதாரண சளி. அஞ்சாறு நாள்ல தானா போகும். மாத்திரை போட்டாலும் போகும், போடாட்டியும் போகும்."

"பஞ்சுக் குச்சி விட்டு ஒரு டெஸ்ட்..." அவருக்கு மனசு கேட்கவில்லை.

"தேவையே இல்லை. ஆனா ஒண்ணு. அந்த முதல் மாத்திரை உங்களுக்கு ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டியிருந்தா? அடுத்தவங்க மருந்துல கை வைக்கற வேலை இதோட சரி."

"சரிங்க டாக்டர்." பாப்பா திட்டு வாங்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை அவர் வைத்துக்கொண்டார். "ஆனா அவ ஏன் அன்னைக்கே என்னைக் கேக்கலை?"

டாக்டரம்மா மேஜையிலிருந்த ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். கிளினிக்கில் எல்லா நோயாளிக்கும் போடுகிற தாள்தான். மேலே டோக்கன் பதினேழு. கையெழுத்து மனைவியுடையது.

காய்ச்சல்: இல்லை. தொட்டுப் பார்த்தது.

கழுத்தில் நெறி: இல்லை. அழுத்திப் பார்த்தது.

டான்சில்: சிவப்பு. வெள்ளைப் புள்ளி இல்லை. கொட்டாவியில் பார்த்தது.

இருமல்: உண்டு. மறைக்கிறார்.

மூக்கு: ஊருக்கே தெரியும்.

உட்கொண்டது: நிஜம் ஒன்று, சுண்ணாம்பு நான்கு. புதன் இரவிலிருந்து தானாகவே நிறுத்திவிட்டார். பாப்பா முதுகில் காது வைத்துக் கேட்டார்.

இதைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பயம் அதிகமாகும். ரெக்கார்டிங் முடியும்வரை யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.

குற்ற ஒப்புதல்: சனிக்கிழமை மாலை, ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில்.

அறிவிப்பாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தெட்டு. தாளை இன்னொரு தடவை படித்தார். கடைசிக்கு முந்தின வரியில் கண் நின்றது. தொண்டையில் ஏதோ அடைத்தது. இது சளி இல்லை, ஸ்ட்ரெப்பும் இல்லை. பதினாலு வருடத்தில் ஒரு தடவைகூட மைக் இல்லாமல் சொல்லாத ஏதோ ஒன்றை இப்போதே, குரல் இவ்வளவு நன்றாக இருக்கும்போதே, அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். மூச்சை இழுத்தார்.

கதவு அரையடி திறந்தது.

"டோக்கன் பதினேழு பேசினது போதும், வெளியே வரலாம்" என்றாள் மனைவி. "பதினெட்டு, உள்ளே போங்க."